இரண்டு மாதம் பிந்திச் சொல்லும் செடி

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சரிவு இருக்கிறது. ஆறு மீட்டர் நீளம், மேலிருந்து கீழ்வரை மூன்று மீட்டர். முன்பு அதில் புல்தான். புல்வெட்டும் இயந்திரத்தைக் கயிற்றில் கட்டி, மேலே நின்றுகொண்டு இறக்குவதும் இழுப்பதுமாக வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஈரப்புல்லில் கால் வழுக்கி, நானும் இயந்திரமும் ஆளுக்கொரு பக்கமாகக் கீழே போய்ச் சேர்ந்தோம். அடி பெரிதாக இல்லை. ஆனால் இனி இந்த இடத்தில் வெட்டவேண்டிய எதுவும் வளரக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் படர் ஜூனிபர் என்ற, தரையில் படரும் ஊசியிலைச் செடி. ஆண்டு முழுக்கப் பச்சை, கணுக்காலுக்கு மேல் ஏறாது, சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெயிலும் வறட்சியும் கடும் உறைபனியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. "நட்டுவிட்டு மறந்துவிடலாம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நட்டேன். மறக்க மட்டும் முடியவில்லை. முதல் ஆண்டிலேயே 18 செடிகளில் ஐந்து போனது அதனால்தான்.

நட்டது குளிர் தொடங்குவதற்கு முன். ஆறு ஆறாக மூன்று வரிசை. வகை 'ப்ளூ ரக்', அதாவது வில்டோனி. வெள்ளி கலந்த நீலப்பச்சை, தரையோடு தரையாக ஒட்டிப் படரும். முதல் உறைபனி விழுந்த இரண்டு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் நுனி, அப்புறம் கிளை முழுக்க, ஒரு மாதிரி ஊதா. கத்தரிக்காய்த் தோலைச் சாம்பலில் புரட்டி எடுத்தது போன்ற நிறம். நான் பயந்துபோனேன். நோய் என்று நினைக்கவில்லை, தாகம் என்று நினைத்தேன். குளிர்காலத்தில் வெயில் அடித்த நாளெல்லாம் பூவாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஊதா நோயும் இல்லை, தாகமும் இல்லை. குளிரில் இந்தச் செடியின் வழக்கமே அதுதான். வெயில் ஏறியதும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். ஆண்டோரா என்ற சற்று உயரமான வகையில் இந்த ஊதா இன்னும் அழுத்தமாக வரும். அதற்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது.

வசந்தம் வந்தது. மேல் இரண்டு வரிசையும் ஊதாவை உதறிவிட்டு நீலமாயின. கீழ் வரிசையில் ஐந்து செடி மட்டும் ஊதாவிலிருந்து சாம்பலுக்குப் போய், சாம்பலிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வந்தன. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார், ஆயுள் முழுக்கத் தோட்ட வேலையில் இருந்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, ஒரு கிளையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். உள்ளே பழுப்பு. பக்கத்துச் செடியில் சுரண்டினார். பழுப்பு. மேல் வரிசையில் ஒன்றைச் சுரண்டிக் காட்டினார். பட்டைக்கு அடியில் ஈரமான இளம்பச்சை.

"இதெல்லாம் செத்து ரெண்டு மூணு மாசம் ஆயிருக்கும் தம்பி. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுது. ஊசியிலைச் செடி எல்லாமே இப்படித்தான், செத்ததைக்கூட மெதுவாத்தான் சொல்லும்."

ஒரு செடியைப் பிடித்துத் தூக்கினார். வேரூன்றிய எதிர்ப்பே இல்லை. ஊறிய தெர்மாகோலைத் தூக்குவது போல வந்துவிட்டது. வேர்ப்பந்து தொட்டியின் உருவத்திலேயே இருந்தது. ஆறு மாதம் மண்ணில் இருந்தும், அடிப்பகுதியில் தொட்டியின் துளைகள் இருந்த இடம்கூட அடையாளம் தெரிந்தது. வேர்கள் வெளியே போகாமல் வட்டமாகச் சுற்றியிருந்தன. ஒரு வேரை விரலால் உருவினேன். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சியது. சேற்று வாடை. வேரழுகல்.

கீரைக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் மத்தியானத்துக்குள் தலை தொங்கிவிடும். தக்காளி அன்று மாலைக்குள் சொல்லும். ஜூனிபரின் இலையில் மெழுகுப்பூச்சு உண்டு, ஈரத்தை எளிதில் விடாது. வேர் போனபிறகும் கையிருப்பை வைத்துக்கொண்டு பச்சையாகவே உட்கார்ந்திருக்கும். அதனால் இலையைப் பார்த்துச் சிகிச்சை செய்தால் எப்போதுமே காலம் கடந்துதான் செய்வோம். பார்க்கவேண்டியது மண்ணை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து செடி செலவாயிற்று.

கீழ் வரிசையில் ஆறாவது செடி ஏன் பிழைத்தது? அதுதான் எனக்கு விடை சொன்னது. நடும்போது அந்த இடத்தில் கடப்பாரை இறங்கவில்லை, அடியில் பெரிய பாறாங்கல். கல்லைத் தோண்ட அலுத்துப்போய், மேலேயே மண்ணை அள்ளிக் குவித்து மேடாக்கி அதில் நட்டிருந்தேன். சோம்பலில் செய்த வேலை. மற்ற ஐந்தையும் ஒழுங்காகத் தோண்டி, குழியில் கைநிறைய மட்கு உரம் கலந்து, தண்ணீர் நிற்கட்டும் என்று சுற்றிலும் பாத்தி வேறு கட்டியிருந்தேன். ஒழுங்காக நட்டதெல்லாம் செத்தது, சோம்பலில் நட்டது வாழ்ந்தது.

காரணம் சிக்கலானது இல்லை. என் மண் களிமண். களிமண்ணில் குழி தோண்டி, உள்ளே மட்டும் பொலபொலப்பான மண்ணைப் போட்டால் அது ஒரு கிண்ணம். சரிவின் தண்ணீர் முழுக்க அடிவாரத்துக்கு வந்து அந்தக் கிண்ணங்களில் தேங்கும். அதற்கு மேல் நான் பூவாளியோடு வேறு.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று பார்த்திருந்தாலே எனக்குப் புத்தி வந்திருக்கும். வட அமெரிக்காவின் வடபகுதிதான் இதற்குத் தாய்நிலம். அலாஸ்காவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை, ஏரிக்கரை மணல்மேடுகளிலும் கடலோரப் பாறைகளிலும் கல்லாங்கரடுகளிலும் தானாகப் படர்ந்து கிடக்கிறது. நான் வாங்கிய வில்டோனியே 1914இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வினல்ஹேவன் தீவில் கண்டெடுக்கப்பட்டது. அந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் கருங்கல்தான். மழை எவ்வளவு பெய்தாலும் வேரடியில் நிற்காத இடம். என் ஆறாவது செடிக்குக் கிடைத்தது ஏறக்குறைய அந்தத் தாய்வீடுதான்.

அதற்கப்புறம் நடுகிற முறையையே மாற்றிக்கொண்டேன். முதலில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பார்ப்பது. மணிக்கு இரண்டு மூன்று செ.மீ. இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழியே தோண்டுவதில்லை, மேடு கட்டித்தான் நடவு. குழி என்றால் வேர்ப்பந்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆனால் ஆழம் பந்தின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. நட்டபின் பந்தின் மேல்பரப்பு தரைக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே துருத்திக்கொண்டு இருக்கவேண்டும். வட்டமாகச் சுற்றிய வேரைக் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டு, விரலால் பிரித்து வெளிப்பக்கம் திருப்பிவிடுவது. முதல் தடவை கை நடுங்கும், பரவாயில்லை. குழியை மூட அதே மண். மட்கு உரம் தனியாக வேண்டாம், ரசாயன உரமும் வேண்டாம். இது ஏழை மண்ணிலேயே பழகிய செடி.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தண்ணீரே வேண்டாம் என்பதும் பொய். வேர் பந்தைவிட்டு வெளியே போகும்வரை, அதாவது முதல் ஒரு ஆண்டு, வாரம் ஒரு முறை நன்றாக நனைக்கவேண்டும். மழையோடு சேர்த்து வாரத்துக்கு 2.5 செ.மீ. என்று கணக்கு. தினமும் கொஞ்சம் தெளிப்பது கூடாது. ஊற்றும் முன் ஒரு பழைய கத்தியை வேர்ப்பந்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் குத்தி எடுப்பேன். கத்தியில் ஈரமண் ஒட்டினால் பூவாளி அப்படியே திரும்பிவிடும். இரண்டாவது ஆண்டுக்குப் பிறகு நீண்ட வறட்சி வந்தால் மட்டும்தான் தண்ணீர் காட்டினேன்.

இடம் பற்றி: நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். சரிவின் ஒரு மூலையில் மரநிழல் விழும். அங்கே இருக்கிற செடி சாகவில்லை, ஆனால் நடுவில் வகிடு எடுத்தாற்போலத் திறந்து, கிளைகள் நீண்டு, இலை அடர்த்தியே இல்லாமல் கிடக்கிறது. ஆண்டு முழுக்க வெக்கையும் புழுக்கமும் நிறைந்த இடமாக இருந்தால் இந்தச் செடியை நினைக்கவே வேண்டாம். குளிர்காலம் என்று ஒன்று இருக்கிற இடத்துக்கான செடி இது.

அடுத்த தவறு பேராசை. தொட்டியில் வரும்போது உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதைச் சரிவில் வைத்துப் பார்த்தால் வழுக்கைத்தலையில் பொட்டு வைத்தது மாதிரி இருக்கும். மனம் கேட்காமல் ஒரு மீட்டருக்கு ஒன்றாக நட்டேன். வில்டோனி ஒரு செடியே முழுதாக வளர்ந்தால் இரண்டு, இரண்டரை மீட்டர் அகலம் போகும். என் சரிவுக்கு எட்டு செடி, ஒன்றரை மீட்டர் இடைவெளி, போதும். நெருக்கி நட்டால் என்ன ஆகும்? ஆறாம் ஆண்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. கணுக்கால் உயரம் என்று வாங்கியது முழங்காலை நோக்கி வந்தது. மேலே பச்சை, தூக்கிப் பார்த்தால் அடியில் வெளிச்சம் படாத காய்ந்த சுள்ளிக்காடு. கடைசியில் மேல் வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்று வெட்டி எடுத்தேன். ஆறு ஆண்டு வளர்ந்த செடியை வெட்டும்போது, நடும்போது காட்டாத பொறுமைக்கு வட்டி கட்டுகிற மாதிரி இருந்தது.

சரி, தள்ளித் தள்ளி நட்டால் இடையில் என்ன வளரும்? களைதான். விளம்பரத்தில் சொல்வது போல ஜூனிபர் களையை அமுக்கிவிடும் என்பது மூன்றாம் நான்காம் ஆண்டுக்கு மேல்தான். அதுவரை களையை அமுக்கவேண்டியவர் நாம். சுற்றிலும் ஐந்து செ.மீ. தடிமனுக்கு மூடாக்கு போட்டேன்; தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு கையளவு விட்டு. மரப்பட்டைத் துண்டுகள் முதல் பெருமழையிலேயே கீழே இறங்கி வந்துவிட்டன, பிறகு சரளைக்கு மாறினேன், அது நின்றது. வேர் ஓடிப் பரவும் புல்லை மட்டும் நடுவதற்கு முன்னாலேயே வேரோடு எடுத்துவிடுங்கள். ஜூனிபருக்குள் அது புகுந்துவிட்டால் அவ்வளவுதான். கையைவிட்டு இழுத்தால் புல் நுனிதான் வரும், வேர் உள்ளே சிரிக்கும். ஊசி குத்திக் கையெல்லாம் சிவந்து தடித்துப்போகும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை இல்லாமல் நான் இப்போது அதன் பக்கத்தில் போவதில்லை.

களைக்குப் பயந்து மேல் வரிசையில் மட்டும் களைத்தடுப்புத் துணி விரித்து, ஓட்டை போட்டு நட்டிருந்தேன். மூன்று ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்தது. நடு வரிசையில், வெறும் மண்ணில் கிடந்த ஒரு கிளையை மெல்லத் தூக்கினேன். ஒரு சாண் தூரத்துக்குமேல் எழும்ப மறுத்தது. அடியில் ஆங்காங்கே வெள்ளை வேர் விட்டு மண்ணைப் பிடித்திருந்தது. துணிமேல் கிடந்த கிளை பாய்மேல் கிடக்கும் கயிறுபோல முழுதாகத் தூக்கக் கையோடு வந்தது. ஒரு வேர்கூட இல்லை. சரிவில் மண்ணரிப்பைத் தடுப்பது இந்தக் கிளைவேர்கள்தான். இந்தச் செடி வாங்கியதே அதற்கு, அதையே துணி போட்டுத் தடுத்திருக்கிறேன். அன்று மாலையே துணியைக் கிழித்து எடுத்துவிட்டேன். ஓட்டைகளின் வழியாகக் களை வந்தது தனிக்கதை.

கிளை தானே வேர்விடும் என்று தெரிந்ததும் ஒரு வசதி. செத்துப்போன ஐந்துக்குப் பதில் நான் எதுவும் வாங்கவில்லை. பக்கத்துச் செடியின் கிளையை வளைத்து, அடிப்பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் பதித்து மேலே ஒரு கல்லை வைத்தேன். பதியன்தான், மல்லிகைக்குச் செய்வதே. இது மெதுவாக வரும். ஒரு முழு ஆண்டு கழித்துத்தான் தாய்க்கிளையிலிருந்து வெட்டினேன். போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி வைத்தும் பார்த்தேன்: குளிர்காலத்தில், பென்சில் நீளத்தில், அடியில் பழைய கட்டையின் சின்னத் துணுக்கு ஒட்டியிருக்கும்படி பிய்த்து, வேரூக்கித் தூளில் தொட்டு, மணலில். பன்னிரண்டில் நான்கு வேர்விட்டது. அதிலும் பழைய கதைதான். மூன்று மாதம் பச்சையாக இருந்த போத்தை உயிரோடு இருக்கிறது என்று நம்பி இழுத்துப் பார்த்தால், அடியில் ஒன்றும் இல்லை.

பழுப்பு. இதைக் கேட்காமல் ஜூனிபர் வளர்ப்பவர் யாரும் இருக்க முடியாது. எங்கே, எப்போது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இலையுதிர் காலத்தில் கிளையின் உட்பகுதியில், தண்டை ஒட்டி மட்டும் பழுப்பா? முதிர்ந்த இலை உதிர்கிறது, விட்டுவிடலாம். குளிர் முடிந்து, புதுத் தளிர் கிளம்பும் முன்பே போன ஆண்டு வளர்ந்த நுனிகள் பழுத்திருந்தால் அது பெரும்பாலும் கபாட்டினா என்ற பூஞ்சை. காயம்பட்ட நுனிகளில் நுழைவது. புதுத் தளிர் வந்தபின், மழையும் ஈரமுமான நாட்களில் அந்த இளந்தளிரே கருகினால் ஃபோமாப்சிஸ். உயிருள்ள பகுதியும் செத்த பகுதியும் சேரும் இடத்தில், கூர்ந்து பார்த்தால் மிளகை நொறுக்கித் தூவியது போலச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். எனக்கு வந்தது இரண்டாவது. காரணம் நானே: மாலையில் மேலிருந்து தெளிப்பான் போட்டு, இலையை ராத்திரி முழுக்க ஈரமாக வைத்திருந்தேன். காய்ந்த நாளாகப் பார்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, கருகியதை எல்லாம் எடுத்தேன். தெளிப்பானை நிறுத்தினேன். மருந்து அடிக்கவில்லை, அடங்கிவிட்டது. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும், தட்டு அளவுக்குப் பழுப்பு என்றால் தெருநாயைச் சந்தேகியுங்கள். பழுப்பைப் பார்த்துப் பூவாளியைத் தூக்க உண்மையில் வேலை இருக்கும் ஒரே இடம் அது. உடனே தண்ணீர் ஊற்றி அலசிவிட்டால் தப்பும்.

செடி முழுக்க மங்கி, தூசி படிந்தது போல மஞ்சளித்தால் சிலந்திப்பேன். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஒரு வெள்ளைத்தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துக் கிளையை நாலு தட்டு தட்டினால் தூசி விழும். சில விநாடி பொறுத்துப் பார்த்தால் அந்தத் தூசியில் சில நகரும். விரலால் தேய்த்தால் தாளில் கோடு விழும். ஊசியிலைச் செடிகளைத் தாக்கும் வகை குளிர்ச்சியான பருவத்தில்தான் பெருகும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். சேதம் தெரிவதோ கோடையில், அப்போது பேன் அடங்கியிருக்கும். இதிலும் செய்தி தாமதம்தான். வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. எண்ணெய் மருந்து அடிக்கலாம் என்பார்கள். நீல வகைகளில் அடித்தால் அந்த நீலமே போய்விடும். அந்த வெள்ளிப்பூச்சு மெழுகு, எண்ணெய் அதைக் கரைத்துவிடும். நான் ஒரு கிளையில் சோதித்தேன், அந்தக் கிளை மட்டும் சாதாரணப் பச்சையாகிவிட்டது.

கவாத்து பற்றிக் கடைசியாக. நடைபாதை மேல் நீண்டு வந்த ஒரு செடியை ஒரு நாள் நேர்க்கோட்டில் வெட்டினேன், கத்தரிக்குப் பழகிய மற்ற புதர்களை வெட்டுவது போல. பச்சை இருந்த இடத்தைத் தாண்டி, இலை இல்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டு போய்விட்டது. துளிர்க்கும் என்று காத்திருந்தேன். துளிர்க்கவில்லை. ஜூனிபர் இலையற்ற பழைய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை. அந்த வெட்டு அப்படியே இருக்கும். இப்போதெல்லாம் நீளமான கிளையை ஒவ்வொன்றாகத் தூக்கி, அதன்மேல் கிடக்கும் இன்னொரு கிளைக்கு அடியில், பச்சைப் பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டுகிறேன். மேற்கிளையை விட்டால் வெட்டு மறைந்துவிடும். அந்த நேர்க்கோட்டு வெட்டை மட்டும் மறைக்க முடியவில்லை. பக்கத்துக் கிளை ஒன்றை அதன்மேல் திருப்பி, கல் வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டாகிறது, பாதி மூடியிருக்கிறது.

கீழ் வரிசையின் அந்தப் பாறாங்கல் செடியைப் போன வாரம் அளந்தேன். குறுக்கே 2.3 மீட்டர். செத்த ஐந்தில் இரண்டின் இடத்தை அது தானாகவே எடுத்துக்கொண்டது. அளக்கும்போது கிழக்குப் பக்க நுனிகளில் லேசாக ஒரு மங்கல் தெரிந்தது. வெளிச்சத்தால் அப்படித் தெரிந்திருக்கலாம். நாளைக்கு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு இறங்கவேண்டும்.